தொப்பையும் பரம்பரையும்
தம்பதிகள் சேர்ந்து படிக்க ஒரு பாடம்



ஒரே வீடு, ஒரே உலை, ஒரே குழம்பு. ஆனாலும் ஒருவருக்கு இடுப்பும் தொடையும் பருக்கின்றன. ஒருவருக்குக் கைகால் குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னே வருகிறது. இன்னொருவர் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டிய வயிறாகவே இருக்கிறார். இது ஏன்? இதில் பரம்பரைக்கு என்ன பங்கு? நம் கையில் இருப்பது என்ன? இவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம். படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர் கேட்கட்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.

ஒரு திண்ணையில் நடந்த பேச்சு

ஏழு மாதக் குழந்தைக்கு எடை பார்க்க, கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு விவசாயி வீட்டுக்குப் போகிறார். வீட்டு மாமியார் பேச்சைத் தொடங்குகிறார்.

மாமியார்: குழந்தை நல்லாத்தான் இருக்கு நர்சம்மா. இவளைப் பாருங்க. பிள்ளை பெத்து ஏழு மாசத்துல இடுப்பு எப்படிப் பெருத்துப் போச்சு! அப்படியே அவ அம்மா மாதிரி ஆயிட்டா.

மருமகள்: ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன் நர்சம்மா. அப்பவும் குறையல.

செவிலியர்: பால் கொடுக்கிற தாய் பட்டினி கிடக்கலாமா தங்கச்சி? சரி, அண்ணன் எப்படி இருக்காரு?

மாமியார்: அவனுக்கு என்ன? கைகால் பாருங்க, முருங்கைக் குச்சி மாதிரி. ரெண்டு வருசமாத்தான் கொஞ்சம் வயிறு வந்திருக்கு. வசதி வந்தா வயிறும் வரத்தானே செய்யும்! அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு.

செவிலியர்: மாமாவுக்கு என்னம்மா ஆச்சு?

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: சர்க்கரை வியாதி. கால்ல புண்ணு வந்து ஆறவே இல்ல. காலை எடுத்தாங்க. அடுத்த வருசமே போயிட்டாரு. அம்பத்தி ரெண்டு வயசு.

செவிலியர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மனைவியின் வயிற்றுச் சுற்றளவு 78 செ.மீ. கணவனின் சுற்றளவு 94 செ.மீ.

செவிலியர்: அம்மா, நீங்க கவலைப்பட வேண்டியது மருமக இடுப்பைப் பத்தி இல்ல. மகன் வயித்தைப் பத்தித்தான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொழுப்பு வெறும் பாரமா?

இல்லை. கொழுப்புத் திசு உடலுக்கு வேண்டிய ஓர் உறுப்பு. அதற்குப் பல வேலைகள் உண்டு.

முதலாவது, மிஞ்சிய உணவைச் சேமித்து வைக்கிறது. நோயில் படுத்தால், பசியில் வாடினால், பால் கொடுக்கும் காலம் வந்தால் அதை எடுத்துக் கொடுக்கிறது.

இரண்டாவது, உடம்பின் சூட்டைக் காக்கிறது. பிறந்த குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவில் பழுப்பு நிறக் கொழுப்பு இருக்கிறது. அது எரிந்து குழந்தைக்குச் சூடு தருகிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு இந்தக் கொழுப்பு போதாது. ஆகவேதான் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் சொல்கிறோம்.

மூன்றாவது, கொழுப்புத் திசு உடம்போடு பேசுகிறது. 'லெப்டின்' என்ற ஹார்மோனைச் சுரந்து, 'சேமிப்பு இருக்கிறது, பசி போதும்' என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. இந்த ஹார்மோன் 1994-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆகவே கொழுப்பு இருப்பது குற்றமல்ல. அது எங்கே இருக்கிறது, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்பதே கேள்வி.

குதிரும் கூடமும்

அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வருகிறது. குதிர் பெரிதாக இருந்தால் எல்லா நெல்லும் அதில் அடங்கும். வீடு சுத்தமாக இருக்கும். குதிர் சிறிதாக இருந்தால் என்ன ஆகும்? மிஞ்சிய நெல்லைக் கூடத்தில் கொட்டுவோம், அடுப்படியில் கொட்டுவோம், நடக்கும் வழியில் கொட்டுவோம். எலி வரும், ஈரம் ஏறும். வீட்டில் ஒரு வேலையும் ஓடாது.

நம் உடம்பில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புதான் குதிர். தொடை, பிட்டம், இடுப்பு ஆகிய இடங்களில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் இந்த வகை. அது அமைதியாகக் கிடக்கும், தேவைப்படும்போது வெளிவரும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் தொடைக் கொழுப்பிலிருந்தும் உடம்பு எடுத்துக்கொள்கிறது. பெண்ணுக்கு இயற்கை அங்கே சேமிப்பு வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குதிர் நிறைந்துவிட்டால் மிச்சம் வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றிச் சேர்கிறது. கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. இதுதான் கூடத்தில் கொட்டிய நெல். வயிற்றுக்குள் உள்ள கொழுப்பிலிருந்து கசிவது நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் திணறுகிறது. அதன்பின் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என்று வரிசையாக வரக்கூடும்.

குதிரின் அளவை யார் நிர்ணயிக்கிறார்கள்? பெரும் பங்கு பரம்பரைக்கு உண்டு.

பரம்பரை எப்படி வேலை செய்கிறது?

கரு உருவாகும்போது தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 என்று குரோமோசோம்கள் வந்து சேர்கின்றன. மரபணுக்கள் இவற்றில்தான் உள்ளன. ஆகவே பிள்ளையின் உடல்வாகுக்குத் தாய் மட்டும் பொறுப்பல்ல, தகப்பனுக்கும் சரிபாதி உண்டு. 'தாயைப் போலப் பிள்ளை' என்பதில் பாதிதான் உண்மை.

இதை விளக்க ஒரு சோதனையைச் சொல்கிறோம். கனடா நாட்டில் கியூபெக் மாநிலத்தில், ஒரே உருவம் கொண்ட இரட்டையரான இளைஞர்கள் 12 ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 100 நாளில் 84 நாட்கள், வழக்கமான உணவுக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். முடிவு 1990-ல் வெளியானது. எல்லோரும் கூடுதலாக உண்டது ஒரே அளவு. ஆனால் ஒருவருக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல்தான் ஏறியது. இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல் ஏறியது. ஜோடிக்கு ஜோடி பெரிய வித்தியாசம் இருந்தது. ஒரே ஜோடியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே வித்தியாசம் குறைவு. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பில் இந்த ஒற்றுமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே மிச்சத்தை எங்கே வைப்பது என்பதில் பரம்பரை குறுக்கிடுகிறது.

இது ஒரு மரபணுவின் வேலை அல்ல. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து செய்யும் வேலை. மொத்த எடையைக் கூட்டும் மரபணுக்கள் பெரும்பாலும் மூளையில், பசியை ஆட்டிவைக்கும் இடத்தில் வேலை செய்கின்றன. கொழுப்பு வயிற்றிலா தொடையிலா என்று தீர்மானிக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே வேலை செய்கின்றன. 2015-ல் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. கொழுப்பு சேரும் இடத்தோடு தொடர்புள்ள 49 மரபிடங்கள் அதில் தெரிந்தன. அவற்றில் 20 இடங்கள் ஆணிடமும் பெண்ணிடமும் வெவ்வேறு அளவில் வேலை செய்தன. அந்த 20-ல் 19 இடங்கள் பெண்ணிடமே பலமாக இருந்தன.

ஆகவே, 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று ஒரு பெண்ணை ஏசுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். அவள் இடுப்பின் அமைப்பு அவள் வாயால் மட்டும் வந்ததல்ல.

நம் நாட்டு உடல்வாகு

நம் நாட்டவர் ஒல்லியாகத் தெரிவார்கள். ஆனால் உடம்புக்குள் கொழுப்பு அதிகம் இருக்கும். 2004-ல் இரண்டு டாக்டர்கள் தங்களையே அளந்து இதைக் காட்டினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் லண்டன் டாக்டர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனே டாக்டர் உடம்பில் 21.2 சதவீதம்.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது. புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவாக இருந்தது. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இதற்குப் பரம்பரை மட்டும் காரணமல்ல. கர்ப்பத்தில் தாய்க்குக் கிடைத்த உணவும், அவளுடைய இரத்தச் சர்க்கரையும், தலைமுறையாக வந்த வறுமையும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே 'நான் ஒல்லிதானே' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஒல்லியான உடம்பில் தொந்தி என்றால், குதிர் சிறிது, கூடம் நிறைகிறது என்று பொருள்.

அபூர்வமான மரபுக் குறைகள்

சில குடும்பங்களில் ஒரே ஒரு மரபணு பழுதாவதால் பெரிய கேடு வருவதுண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆய்வாளர்கள், நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-ல் எழுதினார்கள். 8 வயதுப் பெண்ணுக்கு 86 கிலோ, 2 வயதுப் பையனுக்கு 29 கிலோ. அவர்கள் உடம்பில் லெப்டின் சுரக்கவே இல்லை. 'போதும்' என்ற சேதி மூளைக்குப் போகாததால் பசி அடங்கவில்லை. பிற்பாடு லெப்டின் ஊசி போட்டதும் பசியும் எடையும் குறைந்தன.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. அதில் பருவம் அடைந்தபின் கைகால்களில் உள்ள கொழுப்பு மறைந்துபோகும். முகத்திலும் கழுத்திலும் சேரும். குதிரே இல்லாத உடம்பு அது. பார்க்கக் கட்டுமஸ்தாகத் தெரிந்தாலும் இளவயதிலேயே கடுமையான சர்க்கரை வியாதி வரும். கொழுப்புத் திசு இல்லாமல் போனாலும் கேடுதான் என்பதற்கு இதுவே சாட்சி.

இவை மிக அபூர்வம். ஆனால் முதலில் சொன்னது போல, தாய் தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால்தான் வரும் குறைகள், தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாக வருகின்றன. குழந்தைக்குப் பசி அடங்காமல் எடை வேகமாக ஏறினால், அல்லது கைகால் கொழுப்பு வற்றினால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பரம்பரை என்றால் தலையெழுத்தா?

இல்லை. விதை ஒன்றே ஆனாலும் தண்ணீரும் எருவும் விளைச்சலை மாற்றும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பருமனுக்கு இழுக்கும் ஒரு மரபணு உண்டு, அதை எஃப்.டி.ஓ. என்பார்கள். 2011-ல் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த இழுப்பு ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருந்தது.

நம் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. எடை பெரிதாக இறங்காமலேயே இந்தப் பலன் கிடைத்தது. ஆகவே 'எடை குறையவில்லையே' என்று நடையை நிறுத்திவிடாதீர்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

காசு செலவில்லாத முறை இது. தலை முதல் பாதம் வரை உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து, தொப்புள் உயரத்தில் வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம். சாதாரணமாக விட்டு நில்லுங்கள். கயிறு முனைக்கு முனை தொட்டால் நல்லது. தொடவில்லை என்றால் வயிறு அளவு மீறிவிட்டது.

நாடா இருந்தால், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது நம் நாட்டவர்க்கு எல்லை. அரைஞாண் கயிறு ஆண்டுக்கு ஆண்டு இறுகுகிறதா, பாவாடை நாடாவின் முடிச்சு தள்ளிப் போகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகிட்டா உடம்பு ஊதிடுமாமே?
பதில்: ஊதாது. பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும் அடைக்கிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை, ஹார்மோன் பழையபடி சுரக்கும். ஆணுக்கும் அப்படித்தான். காப்பர்-டி-யில் ஹார்மோனே கிடையாது. மூன்று மாத ஊசி போட்டுக்கொள்ளும் சிலருக்கு மட்டும் எடை கொஞ்சம் கூடலாம். அப்படி ஆனால் செவிலியரிடம் சொல்லுங்கள். வேறு முறை இருக்கிறது.

கேள்வி: தொப்பையை மட்டும் கரைக்க எண்ணெய், பெல்ட், பவுடர் விக்கிறாங்களே?
பதில்: ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் எண்ணெயோ பெல்ட்டோ இல்லை. டாக்டர் சொல்லாத பவுடர், மாத்திரை எதுவும் வேண்டாம். ஆனால் ஒரு நல்ல சேதி: நடக்கத் தொடங்கினால், வயிற்றுக்குள் உள்ள கெட்ட கொழுப்பு சீக்கிரமாகவே குறையத் தொடங்கும்.

கேள்வி: மாதவிலக்கு நின்ன பிறகு வயிறு போடுதே, ஏன்?
பதில்: பெண் ஹார்மோன் குறைவதால் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு மாறுகிறது. 45 வயதுக்கு மேல் பெண்களும் ஆண்களைப் போலவே வயிற்றைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: எங்க குடும்பத்துல யாருக்கும் சர்க்கரை இல்ல. பயமில்லைதானே?
பதில்: பயம் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. தாய் தகப்பன் இருவருக்கும் இருந்தால் ஆபத்து அதிகம், ஒருவருக்கு இருந்தால் அதைவிடக் குறைவு. தொந்தியும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, கீரை, காய் சேருங்கள். ஒரு வேளை கம்பு, கேழ்வரகு, சோளம் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் அளவாகவே உண்ண வேண்டும்.

2. எண்ணெய் ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை போதும். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள்.

3. தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் வேகமாக நடங்கள். ஏற்றமும் உழவும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. டீக்கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். உடம்பு இழந்த உழைப்பைத் திருப்பித் தர வேண்டும்.

4. கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் பட்டினி கிடக்கக் கூடாது. கர்ப்பிணிகள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். 140-க்கு மேல் இருந்தால் டாக்டர் சொல்படி நடக்க வேண்டும். தாயின் சர்க்கரையைக் காப்பது குழந்தையின் பிற்காலத்தையும் காப்பது.

5. 30 வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

6. பிள்ளைகளைக் 'குண்டு' என்றோ 'ஒல்லிப்பிச்சான்' என்றோ கேலி செய்யாதீர்கள். கேலியால் எந்த மரபணுவும் மாறாது.

மறுபடியும் அந்தத் திண்ணை

கணவன் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. வியாதி இன்னும் வரவில்லை; வாசலில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். அடுத்த மாதம் செவிலியர் வந்தபோது அவர் வீட்டில் இல்லை.

மருமகள்: வாய்க்கா வரைக்கும் நடந்து போயிட்டு வரேன்னு போயிருக்காரு நர்சம்மா. வண்டிச் சாவியை அத்தை வாங்கி வச்சுக்கிட்டாங்க.

செவிலியர்: நீ ராத்திரி சாப்பிடுறியா?

மருமகள் பதில் சொல்லுமுன் மாமியார் சொன்னார்: நான்தான் பக்கத்துல உக்காந்து போடுறேன். அன்னிக்கே யாராவது ஒரு நாடாவைக் கொண்டுவந்து அவரு வயித்தை அளந்திருந்தா, அவரும் இந்தப் பேரப்பிள்ளையைத் தூக்கியிருப்பாரு.

நினைவில் வையுங்கள்

பரம்பரை குதிரின் அளவைத் தருகிறது. எவ்வளவு நெல் கொட்டுவது என்பது நம் கையில்.
தொடைக் கொழுப்பைவிடத் தொப்பைக் கொழுப்பே ஆபத்து.
ஒல்லியான உடம்பிலும் தொந்தி இருந்தால் பரிசோதனை தேவை.

வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள்

1. நம் இரு வீட்டுப் பெரியவர்களில் சர்க்கரை வியாதி, மாரடைப்பு யார் யாருக்கு இருந்தது?
2. உயரக் கயிற்றின் பாதி நம் வயிற்றைச் சுற்றி வருகிறதா?
3. கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தோம்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால், இருவரும் சேர்ந்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள்.